ஆசிரியருக்குத் துணை நிற்காத விளையாட்டு பிள்ளைக்கும் உதவாது

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ‘கமிட்டி ஃபார் சில்ட்ரன்’ என்றொரு லாப நோக்கமற்ற நிறுவனம் இருக்கிறது. குழந்தைகளைப் பாலியல் வன்கொடுமையிலிருந்து காக்கும் பணியில் 1979இல் இறங்கிய அந்த நிறுவனம், பின்னர் ‘செகண்ட் ஸ்டெப்’ என்ற பெயரில் பள்ளிகளுக்கான பாடத்திட்டம் ஒன்றை உருவாக்கியது. கோபம் வந்தால் என்ன செய்வது, விளையாட்டில் சேர்த்துக்கொள்ளாதவர்களிடம் எப்படிக் கேட்பது, அடுத்தவர் முகத்தைப் பார்த்து அவர் மனநிலையை எப்படிப் புரிந்துகொள்வது என்பவைதாம் அதன் பாடங்கள். சின்ன வகுப்புகளுக்கான பாடப்பெட்டியில் கையில் மாட்டி ஆட்டும் பொம்மைகள் இருந்தன: எதற்கும் முந்திக்கொண்டு பாயும் ஒரு நாய்க்குட்டி, எதையும் நிதானமாகச் செய்யும் ஒரு நத்தை. கூடவே பெரிய அட்டைகள். பிள்ளைகள் பார்க்கும் பக்கத்தில் ஒரு புகைப்படம். ஆசிரியர் பார்க்கும் பக்கத்தில் அந்தப் படத்தின் கதையும் கேட்க வேண்டிய கேள்விகளும். படத்தில் இருக்கும் சிறுவனுக்கு இப்போது எப்படி இருக்கும், அது உனக்கு எப்படித் தெரிகிறது, நீ அவனாக இருந்தால் என்ன செய்வாய் என்று பேச்சு வளரும். பிறகு வயிற்றில் கைவைத்து மூச்சை மெல்ல இழுத்து விடும் பயிற்சி. இடையிடையே சில நிமிட விளையாட்டுகள். சொன்னதைக் கவனித்துக் கேட்கவும், கை துடித்தாலும் ஒரு கணம் பொறுக்கவும் பழக்குபவை.

இந்த வகைப் பாடங்களுக்குச் சமூக-உணர்வுக் கற்றல் என்று பெயர். 1994இல் அமெரிக்காவில் இதற்கென்றே ‘கேசல்’ என்ற கூட்டமைப்பு உருவானது. தேசியக் கல்விக் கொள்கை 2020 அறிவுத்திறனோடு சமூக, உணர்வுத் திறன்களையும் பள்ளி வளர்க்க வேண்டும் என்கிறது. பாடப்பெட்டி, செயலி, கணினி விளையாட்டு, மாதச் சந்தா என்று பல வடிவங்களில் இதை விற்கும் நிறுவனங்கள் உலகெங்கும் பெருகிவிட்டன. நம் ஊர்த் தனியார் பள்ளிகளின் விளம்பரங்களிலும் இந்தப் பெயர் தலைகாட்டுகிறது; அரசுப் பள்ளிகளின் வாசலுக்கும் இந்த நிறுவனங்கள் வரத்தான் போகின்றன. அப்போது எதை வைத்து அவற்றை எடைபோடுவது? பிள்ளைகளுக்குப் பிடித்திருக்கிறதா, திரையில் வண்ணம் நன்றாக இருக்கிறதா, எத்தனை பாடங்கள் இருக்கின்றன என்பவையே வழக்கமான கேள்விகள். இவற்றுக்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது: பிள்ளையின் எதிரே நிற்கும் ஆசிரியருக்கு இந்த நிறுவனம் என்ன செய்கிறது? முப்பது ஆண்டு ஆய்வுகளைப் படித்துப் பார்த்தால், இந்தப் பாடங்கள் பலித்த இடத்துக்கும் பலிக்காத இடத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பெரும்பாலும் இந்தக் கேள்விதான் விளக்குகிறது.

செகண்ட் ஸ்டெப்பையே எடுத்துக்கொள்வோம். 1997இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் அதைப் பற்றிய ஆய்வு ஒன்று வெளியானது. வாஷிங்டன் மாநிலத்தின் 12 தொடக்கப் பள்ளிகளில் இரண்டாம், மூன்றாம் வகுப்பு படித்த 790 பிள்ளைகளைக் கொண்டு நடந்தது அது. எந்தப் பள்ளியில் பாடம் நடக்கிறது என்று தெரியாத பார்வையாளர்கள் வகுப்பறையிலும் மைதானத்திலும் சாப்பாட்டுக் கூடத்திலும் உட்கார்ந்து பிள்ளைகளின் நடத்தையைக் குறித்தார்கள். பாடம் நடந்த பள்ளிகளில் அடிப்பதும் தள்ளுவதும் ஓரளவு குறைந்தன. இணக்கமாகப் பழகுவது கூடியது. ஆனால் அதே பிள்ளைகளைப் பற்றி ஆசிரியர்களும் பெற்றோரும் நிரப்பித் தந்த படிவங்களில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தென்படவில்லை. 2013இல் வெளியான இன்னொரு ஆய்வு 36 நடுநிலைப் பள்ளிகளின் ஆறாம் வகுப்பு மாணவர்கள் 3,616 பேரைப் பார்த்தது. ஓராண்டுப் பாடத்துக்குப் பின், தான் கைகலப்பில் ஈடுபட்டதாகச் சொல்லும் வாய்ப்பு 42 சதவீதம் குறைந்திருந்தது. வாயால் புண்படுத்துவதும், கூட்டத்திலிருந்து ஒதுக்கிவைப்பதும் குறையவில்லை. ஒரே பாடத்திட்டம், இரண்டு நேர்மையான ஆய்வுகள், இரண்டிலும் பாதிப் பலன். இந்தப் பாதிப் பலனை நான் சின்னதாக நினைக்கவில்லை. மதிய இடைவேளையில் அடி வாங்காமல் சாப்பிட்டு முடிக்கும் பிள்ளைக்கு அது பெரிய விஷயம். ஆனால் விற்பனைப் பிரசுரத்தில் ‘ஆய்வில் நிரூபிக்கப்பட்டது’ என்ற ஒற்றை வரியைப் பார்க்கும் தலைமை ஆசிரியருக்கு எது நிரூபணமானது, எது ஆகவில்லை என்பது தெரிய வேண்டும்.

இந்தத் துறையில் அதிகம் மேற்கோள் காட்டப்படுவது 2011இல் ஜோசப் டர்லக்கும் சகாக்களும் வெளியிட்ட தொகுப்பாய்வு. 213 திட்டங்கள், 2,70,034 மாணவர்கள். பாடம் பெற்றவர்களின் படிப்பு பெறாதவர்களைவிட 11 சதமானப் புள்ளிகள் உயர்ந்திருந்தது என்ற முடிவு அதிலிருந்துதான் வந்தது. அந்த எண் இன்று எல்லா நிறுவனங்களின் விளம்பரத்திலும் புழங்குகிறது. 213இல் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவான ஆய்வுகளே படிப்பை அளந்தன என்பது அந்த விளம்பரங்களில் வருவதில்லை. அதைவிட முக்கியமான இன்னொரு கண்டுபிடிப்பும் அதே கட்டுரைக்குள் இருக்கிறது. வகுப்பாசிரியரே பாடம் நடத்தியபோது திறன், மனப்பாங்கு, நடத்தை, மனஉளைச்சல், படிப்பு என அளந்த எல்லாவற்றிலும் முன்னேற்றம் தெரிந்தது. வெளியிலிருந்து வந்தவர்கள் நடத்தியபோது சிலவற்றில் மட்டுமே தெரிந்தது, படிப்பில் தெரியவில்லை. திட்டத்தை நடைமுறைப்படுத்துவதில் கோளாறு நேர்ந்த இடங்களிலும் பலன் சுருங்கியது. வாரம் ஒருமுறை வந்து போகும் பயிற்சியாளர் சொல்லும் அதே சொற்களை, காலைமுதல் மாலைவரை கூட இருப்பவர் சொல்லும்போது ஏன் அதிகம் பிடிக்கிறது? காரணம் எளிது. பாடம் நடந்த அரைமணியில் பிள்ளைக்குக் கோபம் வருவதில்லை. மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் வரிசையில் நிற்கும்போது வருகிறது. அப்போது பக்கத்தில் இருப்பவர்தான் நேற்றைய பாடத்தை நினைவுபடுத்த முடியும்.

விளையாட்டு என்ற சொல்லுக்கே இந்தத் துறையில் மிகப் பழைய சாட்சி ஒன்று உண்டு. கன்சாஸ் மாநிலத்தில் ஒரு நான்காம் வகுப்பில் பாரிஷ், சாண்டர்ஸ், உல்ஃப் என்ற மூன்று ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்து 1969இல் முடிவை வெளியிட்ட ‘நன்னடத்தை விளையாட்டு’ அது. வகுப்பை அணிகளாகப் பிரிப்பார்கள். இடத்தை விட்டு எழுந்து ஓடுவது, அனுமதியின்றிக் கத்துவது என்று சில விதிகள். யாராவது மீறினால் அந்த அணியின் பெயருக்கு நேராகக் கரும்பலகையில் ஒரு கோடு விழும். கோடுகள் ஒரு வரம்புக்குள் இருந்தால் அணிக்கு வெற்றி. எல்லா அணிகளும் சேர்ந்தே வெல்லலாம். பரிசு என்பது கொஞ்சம் கூடுதல் இடைவேளை, வரிசையில் முதலில் போகும் உரிமை, அவ்வளவுதான். பெரிய செலவில்லை, சுண்ணக்கட்டியும் கரும்பலகையும் போதும். 1985–86இல் பால்டிமோர் நகரின் முதல் வகுப்புகளில் ஷெப்பர்ட் கெல்லமும் சகாக்களும் இதை நடத்தினார்கள். அந்தப் பிள்ளைகள் 19 முதல் 21 வயதை எட்டியபோது மீண்டும் தேடிப் பிடித்து ஆராய்ந்து, முடிவுகளை 2008இல் வெளியிட்டார்கள். முதல் வகுப்பில் அதிகம் முரட்டுத்தனம் காட்டிய ஆண் பிள்ளைகளிடையே, விளையாட்டு நடந்த வகுப்புகளிலிருந்து வந்தவர்களிடம் போதைப் பழக்கமும் சமூக விரோத நடத்தையும் குறைவாக இருந்தன. ஆறு வயதில் விளையாடியதன் தடம் இருபது வயதில் தெரிந்தது. ஒரு பிள்ளையின் தவறுக்கு அணி முழுவதையும் பொறுப்பாக்குவது சரியா என்ற நெருடல் எனக்கு உண்டு. கவனமில்லாத ஆசிரியர் கையில் அது ஒரு பிள்ளையை எல்லோரும் கரித்துக்கொட்டும் ஏற்பாடாக மாறிவிடும். ஆனாலும் கணினித் திரை எதுவும் இல்லாத ஒரு விளையாட்டு இவ்வளவு தூரம் போனது என்பதை மறுக்க முடியாது.

பால்டிமோரில் பலித்தது எல்லா இடத்திலும் பலித்ததா என்றால் இல்லை. இதே விளையாட்டை இங்கிலாந்தில் 77 தொடக்கப் பள்ளிகளில் இரண்டு ஆண்டுகள் நடத்திப் பார்த்து 2018இல் அறிக்கை வெளியிட்டார்கள். வாசிப்பில் முன்னேற்றம் இல்லை. வகுப்பு முழுமைக்கும் சேர்த்துப் பார்த்தால் நடத்தையிலும் மாற்றம் இல்லை. எதிர்பார்த்த அளவுக்குப் பள்ளிகள் விளையாட்டை நடத்தவில்லை. ஏறத்தாழ நான்கில் ஒரு பள்ளி நடுவிலேயே கைவிட்டது. கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் அங்கும் இருந்தன. தினமும் இதைச் செய்வதற்கான நேரமும் மனமும் ஆசிரியர்களுக்குக் கிடைக்கவில்லை. 2022இல் வெளியான இன்னொரு பெரிய பிரிட்டிஷ் ஆய்வு என் வாதத்தைச் சற்றுச் சிக்கலாக்குகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். 85 பள்ளிகளின் 8,376 மாணவர்கள் பங்கேற்ற அதில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு மனம்குவிப்புப் பயிற்சி தரப்பட்டது. நடத்தியவர்கள் முறையாகப் பயிற்சி பெற்ற ஆசிரியர்களே. வழக்கமான பாடம் பெற்றவர்களைவிடப் பயிற்சி பெற்றவர்களின் மனநலம் மேம்படவில்லை. பெரும்பாலான மாணவர்கள் வீட்டில் பயிற்சியைச் செய்யவே இல்லை. பயிற்சி பெற்ற ஆசிரியர் இருந்தும் பலிக்கவில்லையே என்று கேட்டால், ஆம், ஆசிரியர் மட்டும் போதாது என்பதே பதில். தன் மனதைத் தானே தனியாக உட்கார்ந்து கவனி என்று 11, 12 வயதுப் பிள்ளைகளிடம் கேட்பதற்கும், சண்டை வந்த இடத்தில் கூட நின்று பேசிப் பழக்குவதற்கும் தூரம் அதிகம். அதே ஆய்வில் சற்றுக் காலமாவது பள்ளிச் சூழல் மேம்பட்டது, ஆசிரியர்களின் பணிச்சோர்வு குறைந்தது என்பதைச் செய்தித்தாள்கள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பயன் அடைந்தவர்கள் பெரியவர்கள்தாம்!

கணினி விளையாட்டுகளுக்கு வருவோம். இவற்றில் அக்கறையோடு செய்யப்பட்டவை உண்டு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் நரம்பியலாளர் ரிச்சர்ட் டேவிட்சன் குழுவினர் ‘கிரிஸ்டல்ஸ் ஆஃப் கேடார்’ என்ற விளையாட்டை உருவாக்கினார்கள். விண்வெளியில் போகும் ஒரு ரோபோ அயல்கிரகம் ஒன்றில் விழுந்து நொறுங்குகிறது. கப்பலைச் சரிசெய்ய அங்கிருப்பவர்களின் உதவி வேண்டும். அவர்கள் மொழி தெரியாது. முகத்தைப் பார்த்துக் கோபமா, பயமா, வியப்பா, எவ்வளவு என்று கணித்துத்தான் விளையாட முடியும். நடுநிலைப் பள்ளி வயதுப் பிள்ளைகளை இரண்டு வாரம் விளையாட வைத்து, இன்னொரு குழுவுக்கு வேறொரு சாதாரண விளையாட்டைக் கொடுத்து, இருவரின் மூளையையும் படமெடுத்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள். பிறர் உணர்வைப் புரிந்துகொள்வதோடு தொடர்புடைய மூளைப் பகுதிகளின் இணைப்பில் மாற்றம் தென்பட்டது. ஆனால் பிறர் உணர்வைச் சரியாகக் கணிக்கும் தேர்வில் குழு முழுமைக்கும் முன்னேற்றம் தெரியவில்லை. சிலருக்கு உயர்ந்தது, பலருக்கு உயரவில்லை. ஆய்வாளர்கள் இதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள். பல்கலைக்கழகம் இவ்வளவு கவனமாகச் செய்த விளையாட்டின் கதி இது என்றால், ஆய்வே இல்லாமல் ஆப் ஸ்டோரில் வந்து நிற்கும் நூற்றுக்கணக்கான செயலிகள் ‘உங்கள் பிள்ளைக்குப் பரிவு கற்பிக்கிறோம்’ என்று சொல்வதை எந்த அடிப்படையில் நம்புவது? திரையில் தெரியும் முகம் பிள்ளை தவறாகக் கணித்தாலும் மனம் புண்படாது, மறுபடி அழுத்தினால் புதிதாகத் தொடங்கும். உணர்வுகளுக்குப் பெயர் சொல்லப் பழகுவதற்கு அது நல்ல இடம். புண்பட்ட தோழனிடம் போய்ப் பேசி, அவன் முகம் திருப்பிக்கொண்டாலும் மறுநாள் மீண்டும் பேசிப் பார்க்கும் பழக்கத்தைத் திரை தர முடியாது.

திரைக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. கணக்குச் செயலி ஒன்று, பிள்ளைக்கு வகுத்தல் வரவில்லை என்பதைப் பதிவு செய்கிறது. உணர்வுச் செயலி, இன்று பிள்ளைக்குப் பயமாக இருந்தது, வீட்டில் சண்டை, யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை என்பதைப் பதிவு செய்கிறது. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2022இல் வெளியிட்ட அறிக்கை, பெருந்தொற்றுக் காலத்தில் 49 நாடுகளின் அரசுகள் பரிந்துரைத்த கல்விச் செயலிகளையும் இணையதளங்களையும் ஆராய்ந்தது. பத்தில் ஒன்பது, பிள்ளைகளின் உரிமைக்கு ஆபத்தான வகையில் தரவுகளைக் கையாண்டன என்று கண்டது. இந்திய அரசின் ‘தீக்ஷா’வும் ஆராயப்பட்டவற்றில் ஒன்று. நம் நாட்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023, 18 வயதுக்கு உட்பட்டோரின் தரவைத் தொடப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது. அவர்களின் நடத்தையைக் கண்காணிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்கிறது. ஆனால் விதிகளில் கல்வி நிறுவனங்களுக்குச் சில விலக்குகள் உண்டு. பிள்ளையின் மனநிலையை நாள்தோறும் குறித்துவைக்கும் செயலி அந்த விலக்கின் நிழலில் ஒதுங்கிக்கொள்ள விடக் கூடாது. எட்டு வயதில் ஒருவன் எத்தனை முறை கோபப்பட்டான் என்ற கணக்கு எந்த நிறுவனத்தின் சேமிப்பிலும் இருக்க வேண்டியதில்லை.

இந்தியாவில் இந்தப் பாடங்களைப் பற்றிப் பேசும்போது பலர் தொடத் தயங்கும் ஓர் உண்மை இருக்கிறது. மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வு, 13 மாநிலங்களில் பள்ளி செல்லும் பிள்ளைகளில் மூவரில் இருவர் பள்ளியில் அடிவாங்கியதாகச் சொல்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்துவிட்டது. தடை வந்தபின் நிலைமை மாறியிருக்கலாம். ஆனால் பிரம்பு முற்றிலும் மறைந்துவிட்டது என்று எந்தப் பெற்றோரும் சொல்லமாட்டார். பத்து மணிக்குக் கன்னத்தில் அறைந்த கை, பதினொரு மணிக்குப் படஅட்டையைப் பிடித்துக்கொண்டு ‘கோபம் வந்தால் மூச்சை மெல்ல விடு’ என்று சொன்னால் பிள்ளை எதைக் கற்கும்? ஜமைக்காவில் ஹெலன் பேக்கர்-ஹெனிங்ஹாம் தலைமையில் உருவான ‘ஐரி வகுப்பறைக் கருவிப்பெட்டி’ இந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கியது. அங்கும் ஆசிரியர் அடிப்பது பரவலான பழக்கம். பாலர் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிலரங்குகள் நடத்தினார்கள். வகுப்பறைக்கே போய்க் கூட இருந்து உதவினார்கள். குறுஞ்செய்தி அனுப்பி நினைவூட்டினார்கள். எப்படிப் பாராட்டுவது, எப்படித் தெளிவாகச் சொல்வது, பிள்ளை முரண்டு பிடித்தால் கையை ஓங்காமல் என்ன செய்வது என்பவையே பாடம். 76 பாலர் பள்ளிகளில் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய ஆய்வின் முடிவு 2021இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்தது. பார்வையாளர்கள் வகுப்பில் உட்கார்ந்து எண்ணியதில், ஆசிரியர்களின் வன்முறை கணிசமாகக் குறைந்திருந்தது. பிள்ளைகளுக்கென்று தனி விளையாட்டுச் செயலி எதுவும் தேவைப்படவில்லை. நம் நாட்டுக்கு அருகில் இருக்கும் முன்மாதிரி சியாட்டில் பெட்டியைவிட இதுதான் என்று நினைக்கிறேன்.

எல்லாம் ஆசிரியர் கையில்தான் இருக்கிறது என்றால் நிறுவனமே எதற்கு, நல்ல ஆசிரியர் தானாகவே இதைச் செய்யமாட்டாரா என்று கேட்பவர்கள் உண்டு. இங்கிலாந்து இதைச் செய்து பார்த்துவிட்டது. 2005இல் தொடக்கப் பள்ளிகளிலும் 2007இல் உயர்நிலைப் பள்ளிகளிலும் ‘சீல்’ என்ற அரசுத் திட்டம் வந்தது. என்ன செய்வது என்பதைப் பெரும்பாலும் பள்ளிகளின் விருப்பத்துக்கே விட்டார்கள். மான்செஸ்டர் பல்கலைக்கழகம் 2010இல் உயர்நிலைப் பள்ளிகளை மதிப்பிட்டபோது மாணவர்களிடம் பலன் எதுவும் தெரியவில்லை. பள்ளிக்குப் பள்ளி ஆளுக்கொரு விதமாகச் செய்திருந்தார்கள். டர்லக்கின் தொகுப்பாய்வும் படிப்படியான வரிசை, பிள்ளைகள் தாமே செய்து பார்க்கும் பயிற்சி, இதற்கென ஒதுக்கிய நேரம், எதைக் கற்பிக்கிறோம் என்ற தெளிவு ஆகிய நான்கும் இருந்த திட்டங்களே நன்றாகப் பலித்தன என்கிறது. இந்த நான்கையும் வகுப்பாசிரியர் இரவில் வீட்டில் உட்கார்ந்து உருவாக்க முடியாது. கணக்குப் பாடநூலை அவரவரே எழுதிக்கொள்ளச் சொல்வதில்லையே. நன்கு சோதிக்கப்பட்ட வரிசையை, உள்ளூர்ப் பெயர்களோடும் படங்களோடும், அன்றாடத் தமிழில் எழுதித் தரும் நிறுவனத்துக்கு உண்மையான இடம் இருக்கிறது. அதன் உழைப்புக்குப் பணம் தருவதிலும் தவறில்லை.

ஆசிரியர்களுக்கு ஏற்கெனவே நிற்க நேரமில்லை, ‘எமிஸ்’ என்ற கல்வித் தரவுத் தளத்தில் பதிவேற்றுவதுமுதல் கணக்கெடுப்புவரை தலைக்குமேல் வேலை, இதையும் ஏற்றினால் என்ன ஆகும், பிள்ளையிடம் நேராகப் பேசும் செயலியே மேல் என்பது அடுத்த வாதம். முதல் பாதி உண்மை. அதனால்தான் இரண்டாம் பாதி ஆபத்தானது. ஆசிரியருக்கு நேரமில்லை என்பதைக் காட்டிப் பிள்ளையைத் திரைமுன் உட்கார வைத்தால், நேரமில்லாத நிலை அப்படியே நிலைத்துவிடும். இங்கிலாந்தின் நான்கில் ஒரு பள்ளி விளையாட்டைக் கைவிட்டதற்கு இன்னும் கவர்ச்சியான விளையாட்டு மருந்தாகாது. வாரத்தில் ஒரு பாடவேளையை இதற்கென்று விட்டுத் தருவதும், அந்த நேரத்துக்கு ஈடாக ஒரு படிவத்தையாவது குறைப்பதும்தான் மருந்து. இதை எந்த நிறுவனமும் செய்து தராது. பள்ளிக் கல்வித் துறைதான் செய்ய வேண்டும். டெல்லி அரசு 2018 ஜூலையில் தலாய் லாமா தொடங்கிவைத்த மகிழ்ச்சிப் பாடத்திட்டத்துக்கு ஒன்றாம் வகுப்புமுதல் எட்டாம் வகுப்புவரை நாள்தோறும் ஒரு பாடவேளையை ஒதுக்கியது, தேர்வு வைக்கவில்லை. அதன் பலனைப் பற்றி என்ன கருத்து இருந்தாலும், நேரத்தை ஒதுக்க முடியாது என்ற சாக்கு அங்கே உடைந்தது.

எல்லாவற்றையும்விடக் கனமான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. அமைதியாக இரு, மூச்சை விடு, பொறுத்துக்கொள் என்று பழக்குவது, அநியாயத்தைச் சகிக்கப் பழக்குவதாகிவிடாதா? அமெரிக்காவில் கறுப்பினப் பிள்ளைகளை முன்வைத்து இந்தக் கேள்வியைப் பலர் எழுப்பியிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் நாம் நாங்குநேரியை நினைக்காமல் இதைப் பேச முடியாது. 2023 ஆகஸ்ட்டில் அங்கே பட்டியல் சமூக மாணவர் ஒருவரையும் அவருடைய தங்கையையும் அவர்கள் வீட்டுக்குள் புகுந்து வெட்டியவர்கள், கூடப் படித்த பிள்ளைகள். அதன்பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு ஒருநபர் குழு 2024 ஜூனில் தந்த அறிக்கை, சாதி அடையாளமாகக் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடை செய்வதுமுதல் பள்ளி நிர்வாகம்வரை பல மாற்றங்களைக் கேட்டது. சாதியின் பேரில் இழிவுபடுத்தப்பட்ட பிள்ளையின் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. அதைத் தணிப்பது அவன் பொறுப்பில்லை. அவனுக்கு மூச்சுப்பயிற்சி சொல்லிக்கொடுத்துவிட்டு, இழிவுபடுத்தியவனைக் கண்டுகொள்ளாமல் விட்டால் அந்தப் பள்ளி யார் பக்கம் நிற்கிறது என்பது இருவருக்கும் புரிந்துவிடும். ஆகவே இந்த ஆட்சேபத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் அதன் முடிவு இந்தப் பாடங்களே வேண்டாம் என்பதல்ல. வெட்டிய பிள்ளைகளும் ஏதோ ஒரு வகுப்பறையில்தான் வளர்ந்தார்கள். அடுத்தவர் வலியைப் பார்க்கப் பழகுவது முதலில் அதிகாரம் உள்ளவர்களுக்குத் தேவைப்படுகிறது. பாடஅட்டையில் விளையாட்டில் சேர்க்கப்படாத பிள்ளையின் படம் இருந்தால், ஏன் சேர்க்கவில்லை என்ற கேள்வியும் இருக்க வேண்டும். அதற்குச் சாதி என்று ஒரு பிள்ளை பதில் சொன்னால் பேச்சை மாற்றாத ஆசிரியரும் வேண்டும். மற்ற நாட்டில் எழுதிய பெட்டியை மொழிபெயர்த்து விற்பவர்களிடம் இந்தக் கேள்வி இருக்காது. இங்கேயே எழுத வேண்டும். அந்த வட்டாரத்து ஆசிரியர்களை உட்காரவைத்து எழுத வேண்டும்.

தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறை எதிர்காலத்தில் இத்தகைய திட்டம் ஒன்றை வாங்க முன்வந்தால், ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தில் சில நிபந்தனைகளை எழுதிவைக்க வேண்டும். மொத்தத் தொகையில் குறைந்தது பாதி, ஆசிரியர் பயிற்சிக்கும் வகுப்பறைக்கே வந்து கூட இருந்து உதவும் ஆட்களுக்கும் போக வேண்டும். ஒருநாள் பயிலரங்கோடு கைகழுவும் நிறுவனத்துக்கு இடம் இல்லை. பிள்ளையின் பெயரோடு மனநிலையைப் பதிவு செய்யும் எதுவும் கூடாது. முதலில் சில ஒன்றியங்களில், குலுக்கலில் தேர்ந்த பள்ளிகளில் மட்டும் நடத்தி, நிறுவனத்தோடு தொடர்பில்லாத பல்கலைக்கழகக் குழு ஒன்று மைதானத்திலும் சத்துணவுக் கூடத்திலும் உட்கார்ந்து எண்ண வேண்டும். முடிவு எப்படி வந்தாலும் தமிழில் வெளியிட வேண்டும். அந்தக் குழு பிள்ளைகள் ஒருவரையொருவர் அடிப்பதை மட்டும் எண்ணினால் போதாது. ஆசிரியர்கள் அடிப்பதையும், சாதிப்பெயர் சொல்லிக் கூப்பிடுவதையும் அதே தாளில் குறிக்க வேண்டும். இரண்டு ஆண்டு முடிவில் அந்தத் தாளில் எண்ணிக்கை இறங்காவிட்டால், பெட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் அடுத்த தவணைப் பணத்தை நிறுத்த வேண்டும்.